போனில் பாட்டுக் கேட்க எந்தச் செயலி? கல்லடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் போன் திருத்தும் மேசையில் நான் உட்கார்ந்து பதினொரு வருடமாகிறது. அதற்கு முன்னர் இதே இடத்தில் அப்பா றெக்கோடிங் பார் வைத்திருந்தார். துண்டுக் கடதாசியில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் கசற்றில் பதிந்து கொடுப்பார். இப்போது திரை உடைந்தது, சார்ஜ் ஏறவில்லை என்று வருகிறவர்கள் போனைத் திரும்பக் கையில் வாங்கும்போது, போகிற போக்கில் பாட்டைப் பற்றி ஏதாவது கேட்பார்கள். நின்ற நிலையில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"அக்கா, கனக்கக் கதைக்க நேரமில்ல. எந்த அப்பப் போடுற?"

உங்களிடம் அன்ட்ரொயிட் போன் இருக்கிறது, பாட்டுகளை நீங்களே சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்றால் மியூசிகோலெட் என்ற பாட்டுப் பிளேயரைப் போடுங்கள். காசு இல்லை, விளம்பரம் இல்லை, இணையத்துக்குப் போகும் அனுமதியே அதற்குக் கிடையாது. அது திறக்காத ஃபைல் ஏதும் வந்தால் வி.எல்.சி. பார்த்துக்கொள்ளும். அவசரமாக நிற்பவர்கள் இத்தோடு போகலாம். மற்றவர்கள் கொஞ்சம் இருங்கள். செயலியைத் தெரிவுசெய்வதற்கு முன்னர், உங்கள் பாட்டு எங்கே இருக்கிறது என்பது தெரிய வேண்டும்.

"எல்லாம் நெட்டில கிடக்கே. மறுகா என்னத்துக்குப் போனுக்குள்ள வெச்சிருக்கிற?"

இணையத்திலிருந்து ஓடும் பாட்டுக்கு ஒவ்வொரு தடவையும் டேட்டா போகிறது. கணக்கு லேசானது. விநாடிக்கு 160 கிலோபிட் தரத்தில் ஒரு மணித்தியாலம் கேட்டால் 72 மெகாபைட். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் கேட்பவருக்கு மாதம் 4 ஜிகாபைட்டுக்கு மேல். தரத்தை 96 கிலோபிட்டுக்குக் குறைத்தால் மணித்தியாலத்துக்கு 43 மெகாபைட்டளவில் முடியும். பாட்டை வீடியோவாகவே ஓடவிட்டு, திரையைக் குப்புறக் கவிழ்த்து வைத்துக் கேட்கும் பழக்கம் எங்கள் பக்கம் நிறைய. அப்போது போவது இதைவிடப் பல மடங்கு. காதுக்கு மட்டும் வேண்டிய ஒன்றுக்காகப் படத்தையும் சேர்த்து வாங்குகிறோம்.

டேட்டாவை விடுங்கள், எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. என் மேசைக்கு வரும் போன்களில் மக்கள் பத்திரமாகக் காப்பாற்றித் தரச்சொல்லிக் கெஞ்சும் ஒலிகள் எவை தெரியுமா? வைகாசியில் கண்ணகி அம்மன் குளுத்திச் சடங்கில் பதிந்த பாட்டு, ஊர்க் கூத்து, தங்கச்சியின் கலியாண வீட்டு மேளம், செத்துப்போன அம்மம்மா பாடிய தாலாட்டு. இவை எந்த நிறுவனத்தின் சேவையிலும் கிடையாது. உங்கள் போனில் இருந்தால்தான் உண்டு. அவற்றை ஒழுங்காகக் காட்டி, ஒழுங்காக ஓட்டித் தருகிற ஒரு பிளேயர் கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சில இடங்களில் சிக்னலுக்காக மரத்தடி மரத்தடியாக நடக்க வேண்டும். மாரியில் வெள்ளம் ஏறினால் முதலில் கரண்ட் போகும், பிறகு சிக்னலும் போகும். அந்த இரவுகளில் ஓடுவது போனுக்குள் கிடக்கும் பாட்டு மட்டும்தான்.

"அப்ப ஸ்பொட்டிஃபை மாதிரி ஒண்டும் வேணாமெண்டுறீங்களா?"

வேண்டாம் என்று சொல்லவில்லை. இணையத்திலிருந்து பாட்டு ஓட்டும் சேவையான ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியிலிருந்து இலங்கையிலும் கிடைக்கிறது. புதுப் பாட்டுத் தேடிக் கண்டுபிடிக்க அது நல்ல வழி. நானும் வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள். காசு கட்டிப் பாட்டை இறக்கி வைத்தாலும் அது உங்கள் பாட்டாக ஆகிவிடாது. அந்தச் செயலிக்குள் மட்டும் திறக்கும். வேறு பிளேயரில் ஓடாது, பென் டிரைவில் ஏற்ற முடியாது. 30 நாளைக்கு ஒரு தடவையாவது போன் இணையத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் இறக்கியதெல்லாம் நின்றுவிடும். சந்தாவை நிறுத்தினாலும் அப்படித்தான். வாடகை வீடு மாதிரி. வசதியாக இருக்கலாம், ஆனால் தோட்டத்தில் தென்னம்பிள்ளை வைக்கப் போகாதீர்கள்.

"போனோட வந்த பிளேயர் ஒண்டு கிடக்கே, அது காணாதா?"

காணும் என்றால் காணும். சாம்சங் போனுக்கு வரும் பிளேயர் பெரும்பாலானவர்களுக்குப் போதும். வேறு சில போன்களில் திறந்தவுடன் விளம்பரமும், கேட்காத இணையப் பாட்டும், கீழே உங்கள் பாட்டு ஒரு மூலையிலுமாகக் கிடக்கும். அதைச் சகித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

முன்பு அன்ட்ரொயிட் போன் எடுத்தால் கூகுள் பிளே மியூசிக் கூடவே வந்தது ஞாபகம் இருக்கும். 2020இல் அதை மூடிவிட்டார்கள். அப்போது என்னிடம் வந்தவர்கள் இரண்டு வகை. மெமரி கார்ட்டில் பாட்டு வைத்திருந்தவர்கள் வேறு பிளேயரைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் போனார்கள். வருடக்கணக்காக அந்தச் செயலிக்குள்ளேயே பாட்டு வரிசை கட்டி வைத்திருந்தவர்கள்தான் கவலைப்பட்டுக்கொண்டு நின்றார்கள்.

"மியூசிகோலெட், வி.எல்.சி., பவர்ஆம்ப்... கனக்கப் பேர் சொல்றாங்க. என்ன வித்தியாசம்?"

மியூசிகோலெட்டில் எனக்குப் பிடித்தது அதன் 'வரிசை' முறை. மற்றப் பெரும்பாலான பிளேயர்களில் ஓடும் வரிசை ஒன்றே ஒன்று. புதிதாக ஒரு பாட்டைத் தொட்டால் பழையது கலைந்துவிடும். இதில் பல வரிசைகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்கலாம். காலையில் தேவாரம், ஓட்டோவில் பழைய பாட்டு, இரவில் கூத்து. ஒவ்வொன்றும் நிறுத்திய இடத்தில் அப்படியே காத்திருக்கும். ஃபோல்டர் வாரியாகவும் காட்டும். பாட்டின் பெயரையும் பாடகர் பெயரையும் அதற்குள்ளேயே திருத்தலாம். இயர்போன் பட்டனை ஒரு தடவை அமுக்கினால் நிற்கும், இரண்டு தடவை அமுக்கினால் அடுத்த பாட்டு, மூன்று தடவை அமுக்கினால் முந்தைய பாட்டு. சில மேலதிக வசதிகளுக்குக் காசு கேட்கும். அவை இல்லாமலே எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

வி.எல்.சி., செம்மஞ்சள் கூம்புப் படம் போட்டது, 1996இல் பிரான்சில் பொறியியல் மாணவர்கள் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்தது. இன்றும் இலாபம் பார்க்காத ஓர் அமைப்பிடம்தான் இருக்கிறது, விளம்பரமே கிடையாது. எதைப் போட்டாலும் திறக்கும் என்பதுதான் அதன் பெருமை. பழைய போன்களில் பதிந்த ஏ.எம்.ஆர். குரல்களை அதில்தான் நான் மீட்டெடுப்பேன். பாட்டுகளை அடுக்கிப் பார்க்க மட்டும் அது அவ்வளவு வடிவில்லை.

பவர்ஆம்ப் சத்தத்தைச் செதுக்க விரும்புகிறவர்களுக்கு. சில நாள் சும்மா பார்க்கலாம், பிறகு ஒரு தடவை காசு கட்டி வாங்க வேண்டும். தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் அதன் ஈக்குவலைசரைப் போல நுணுக்கமானது வேறில்லை என்பது என் எண்ணம். நல்ல ஹெட்போன் இல்லாதவர் அதற்குக் காசு செலவழிப்பது வீண்.

ஒக்ஸியோ என்று ஒன்று இருக்கிறது. திறந்த மூலம், இலவசம், பார்க்கத் துப்புரவாக இருக்கும். ஃபைலுக்குள் பெயர் விபரம் சரியாக இருந்தால்தான் அதன் வடிவு தெரியும்.

"பாட்டின்ட பேரெல்லாம் இங்கிலீசு எழுத்தும் புள்ளியுமாக் கிடக்கு. அப் பழுதா?"

செயலியில் பிழையில்லை. ஏறாவூரிலிருந்து ஒரு பெரியவர் மெமரி கார்ட் ஒன்று கொண்டுவந்தார். பழைய கசற்றுகளைப் பல வருடங்களுக்கு முன்னர் யாரோ கம்பியூட்டரில் ஏற்றிக் கொடுத்தது. எந்தப் பிளேயரில் போட்டாலும் பெயர்கள் ஆங்கில எழுத்தாக, நடுநடுவே அரைப்புள்ளியோடு வந்தன. அந்த அரைப்புள்ளியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அது பாமினி.

எங்கள் நாட்டில் கம்பியூட்டரில் தமிழ் என்றால் நெடுங்காலம் பாமினிதான். அந்த எழுத்துருவில் தட்டியது உள்ளே ஆங்கில எழுத்தாகத்தான் சேமிக்கப்படும்; மெய்யெழுத்தின் குற்று இருக்கும் இடத்தில் அரைப்புள்ளி. பாமினி இல்லாத இடத்தில் திறந்தால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரியும். பாட்டு ஃபைலுக்குள் பெயர், பாடகர், அல்பம் எழுதி வைக்கும் சின்னக் குறிப்பை 'டாக்' என்பார்கள். 1996இல் வந்த முதல் வகை டாக்கில் பெயருக்கு 30 எழுத்திடம்தான், அதுவும் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்தது. பின்னர் வந்த இரண்டாம் வகையில் யுனிகோட் தமிழ் தாராளமாக எழுதலாம்.

ஆகவே பாமினிப் பெயரைக் கொப்பி எடுத்து, இணையத்தில் இருக்கும் பாமினி–யுனிகோட் மாற்றி ஒன்றில் போட்டு, வரும் தமிழை மியூசிகோலெட்டின் டாக் திருத்தியில் ஒட்டினால் சரி. பெரியவரின் கார்ட்டில் நானூறுக்கு மேல் பாட்டு. நான் இருபது பாட்டைச் செய்து காட்டினேன். மிச்சத்தை அவருடைய பேத்தி பாடசாலை விடுமுறையில் உட்கார்ந்து முடித்தாள். கார்ட்டைத் திரும்பக் கொண்டுவந்து என்னிடம் காட்டியபோது அவர் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு நின்றார், பாட்டை ஓடவிடவேயில்லை.

"இளையராஜா ஒரு ஆள்தானே, என்ட போனில நாலு ஆள் நிக்கிறாரு."

ஒவ்வொருவரும் அவர் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு விதமாக எழுதியதால் வரும் வினை. பிளேயருக்கு ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆள். பாடகர் பட்டியலில் நாலு பெயரையும் பிடித்து, உள்ளே இருக்கும் பாட்டுகளை ஒன்றாகத் தெரிவுசெய்து, ஒரே பெயரை எழுதிவிடுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.

கூடவே ஒன்று. குர்ஆன் ஓதலைச் சூரா சூராவாக வைத்திருப்பவர்கள், ஒன்றுக்குப் பிறகு பத்தும் நூறும் ஓடிவிட்டு அதற்குப் பிறகுதான் இரண்டு வருகிறது என்று சொல்வார்கள். ஃபைல் பெயரை எழுத்து வரிசையில் அடுக்கினால் அப்படித்தான் வரும். 1, 2 என்று பெயரிடாமல் 001, 002 என்று தொடங்கி 114 வரை போட்டால் ஒழுங்காக ஓடும். கந்தபுராணப் படிப்பைப் பகுதி பகுதியாகப் பதிந்தவர்களுக்கும் இதுதான் வழி.

"வயல் காவலுக்குப் பாட்டுப் போட்டா, பாதியில நிண்டு போகுது."

இந்தக் கேள்வி வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பியுடையது. யானைக்காக இரவிரவாகப் பரணில் இருப்பவர். திரையை அணைத்துப் பத்து நிமிடத்தில் பாட்டு நின்றுவிடுகிறதாம். மூன்று பிளேயர் மாற்றிப் பார்த்துவிட்டார்.

பிளேயரைக் குற்றம் சொல்ல முடியாது. பற்றரியை மிச்சம் பிடிக்கிறோம் என்று போனே பின்னணியில் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடுகிறது. ரெட்மி, ஒப்போ, விவோ, ரியல்மி போன்களில் இது அதிகம். செற்றிங்ஸில் செயலிகள் பகுதிக்குப் போய், உங்கள் பிளேயரைத் திறந்து, பற்றரி என்ற இடத்தில் 'கட்டுப்பாடு இல்லை' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். ரெட்மியில் தானாகத் தொடங்கும் அனுமதியையும் கொடுங்கள். அத்தோடு அண்மையில் திறந்த செயலிகளின் பட்டியலில் பிளேயரின் மேல் பூட்டைப் போட்டுவிட்டால், மற்றதைத் துடைக்கும்போது இது தப்பும்.

திரை அணைந்தபடி போனிலுள்ள பாட்டு ஓடுவதற்கு அதிகம் பற்றரி போகாது. பற்றரியைத் தின்பது திரையும், கிடைக்காத சிக்னலைத் தேடிக்கொண்டே இருப்பதும்தான். விமானப் பயன்முறையில் போட்டால் இன்னும் நீளும். ஆனால் பரணில் இருப்பவருக்கு நான் அதைச் சொல்லவில்லை. யானை வந்தால் அடுத்த பரணுக்குக் கோல் எடுக்க வேண்டும். இயர்போனை ஒரு காதில் மட்டும் போடச் சொன்னேன். மற்றக் காது வயலுக்கு.

"பாட்டுக்கு நடுவில வட்ஸ்அப் வொய்ஸ் வந்து கதைக்குது."

பிளேயரின் செற்றிங்ஸில் வட்ஸ்அப் ஃபோல்டரை விலக்கிவிடுங்கள். குறிப்பிட்ட நேரத்துக்குக் குறைந்த ஒலிகளைத் தவிர் என்ற தெரிவு இருந்தால் 60 விநாடி என்று வையுங்கள். முடிந்தது.

"விடிய விடிய ஆடின கூத்து, ஒரே ஃபைலாக் கிடக்கு. எப்படிக் கேட்கிற?"

இந்தக் கேள்விக்கு நான் அதிக நேரம் எடுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ, களரியில் ஏறினால் விடியும். ஆறு மணித்தியாலப் பதிவு என்றால் 128 கிலோபிட் எம்.பி.3ஆக ஏறத்தாழ 350 மெகாபைட். சாதாரணப் பிளேயரில் அதைப் போட்டு, நடுவில் வேறு பாட்டுக்குப் போய் வந்தால் பெரும்பாலும் தொடக்கத்திலிருந்து தொடங்கும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, நிறுத்திய இடத்தை நினைவில் வைக்கிறதா என்பது. மியூசிகோலெட்டில் கூத்துக்கென்று தனி வரிசை ஒன்றைத் திறந்து வைத்தால் போதும்.

இரண்டாவது, பதிவை வரவு வாரியாக, அதாவது ஒவ்வொரு பாத்திரமும் களரிக்கு வரும் கட்டம் வாரியாகத் துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர் போடுங்கள். கட்டியக்காரன் வரவு, அரசன் வரவு, தர்க்கம் என்று. துண்டாக்கினால் இடைவெளியில் மத்தளம் தடக்கும் என்று பயப்படுகிறவர்கள், 'இடைவெளியின்றி ஓட்டு' என்ற தெரிவு உள்ள பிளேயரைப் பாருங்கள். எம்.பி.3 ஃபைலின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் வெற்றிடம் தானாகவே சேரும். நல்ல பிளேயர் அதை வெட்டிவிட்டு ஓட்டும். முழுப் பதிவையும் அழிக்க வேண்டாம். துண்டுகள் கேட்பதற்கு, முழுசு காப்பதற்கு.

மூன்றாவது என் சொந்தக் கதை. என் மாமா படுவான்கரையில் அண்ணாவியாராக, கூத்துப் பழக்கும் ஆசிரியராக இருந்தவர். அவர் கடைசியாகப் பழக்கிய கூத்தின் அரங்கேற்றத்தை நான் என் போனில் முழுதாகப் பதிந்தேன். அவர் மத்தளத்தில் கை வைத்து முதல் சொல்லைக் கட்டுவதிலிருந்து, விடியப்புறம் மங்களம் பாடும் வரை. பதிந்து சில மாதத்தில் அவர் தவறிவிட்டார். அப்போது நான் வைத்திருந்த பிளேயரில் 'இடத்தைத் துப்புரவாக்கு' என்று ஒரு பட்டன் இருந்தது. நெடுநாள் கேட்காத பெரிய ஃபைல்களை அகற்றவா என்று அது கேட்டது. மாமா போன துக்கத்தில் அந்தப் பதிவைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை; அதுதான் நெடுநாள் கேட்காத பெரிய ஃபைல். எதை அகற்றுகிறது என்று பெயர் காட்டாமலே அகற்றிவிட்டது. போன் திருத்துவதுதான் என் தொழில். நான் அறிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன், திரும்பக் கிடைக்கவில்லை. மச்சாளுக்கு நான் முன்பே அனுப்பியிருந்த நாற்பது நிமிடத் துண்டு ஒன்று மட்டும் மிஞ்சியது. அதில் மாமாவின் குரல் பதினொரு நிமிடம் இருக்கிறது.

அதனால் பாட்டுப் பிளேயருக்கு அழிக்கும் அதிகாரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்கிறேன். துப்புரவு செய்கிறேன், வேகமாக்குகிறேன் என்று வரும் பிளேயரை வைத்திருக்காதீர்கள். ஊர்ப் பதிவு எதுவானாலும் இரண்டு இடத்தில் வையுங்கள்: போனில் ஒன்று, வீட்டில் பென்னிலோ கம்பியூட்டரிலோ ஒன்று. இன்றைக்கே.

"பாட்டை மெதுவாக்கினா சுருதி இறங்கிப் போகுதே, அக்கா?"

விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துப் பிள்ளைகள் கேட்பது. காரைதீவில் 1892இல் பிறந்து, யாழ் என்ற வாத்தியத்தையே கணக்குப் போட்டு ஆராய்ந்த அடிகளாரின் பெயரில் இருக்கும் இடத்துப் பிள்ளைகளுக்குச் சுருதிக் கவலை இருக்கத்தான் வேண்டும்.

வி.எல்.சி.யில் வேகத்தைக் குறைத்தால் சுருதி மாறாது. பிருகா ஓடும் இடத்தை, அதாவது குரல் வேகமாக உருளும் இடத்தை, 0.75 வேகத்தில் வைத்துக் கேளுங்கள். அதற்குக் கீழே போனால் குரல் இழுபட்டு நீருக்குள் கேட்பது போல ஆகும். அதே செயலியில் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் குறித்து, அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். ஒரு சங்கதியை இருபது தடவை கேட்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கசற்றைத் திருப்பித் திருப்பிச் சுற்றி நாடா அறுந்த காலத்தை அப்பாவின் கடையில் நான் பார்த்திருக்கிறேன்.

"ஓட்டோவில ஒரு பாட்டு அலறுது, அடுத்த பாட்டு கேட்குதில்ல."

ஒவ்வொரு பதிவும் ஒவ்வொரு சத்தத்தில் செய்யப்பட்டது. பழைய படப் பாட்டு மெதுவாகவும் புதுப் பாட்டு உரக்கவும் இருக்கும். இதைச் சமப்படுத்த 'ரீபிளே கெய்ன்' என்று ஒன்று உண்டு: ஒவ்வொரு பாட்டின் சத்த அளவையும் முதலிலேயே அளந்து டாக்கில் எழுதிவிட்டால், பிளேயர் அதைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கும். பவர்ஆம்ப், ஒக்ஸியோ இரண்டிலும் இருக்கிறது. அளந்து எழுதும் வேலையைக் கம்பியூட்டரில் செய்வது லேசு.

ஈக்குவலைசரில் எல்லாக் கம்பியையும் மேலே தள்ளி வைத்திருக்கும் ஓட்டோக்காரத் தம்பிமாருக்கு: ஸ்பீக்கர் கரகரப்பது அதனால்தான். பேஸ் வேண்டுமென்றால் மற்றதைக் குறையுங்கள்.

"128ஆ 320ஆ? ஃபிளாக் எண்டா என்ன?"

ஐந்து நிமிடப் பாட்டு 128 கிலோபிட்டில் 5 மெகாபைட்டளவு, 320இல் 12. ஃபிளாக் என்பது எதையும் இழக்காமல் சுருக்குவது; அதே பாட்டு 30 மெகாபைட்டைத் தொடும். 32 ஜிகாபைட் கார்ட்டில் முதல் வகை ஆறாயிரம் பாட்டளவு கொள்ளும். புளூடூத்தில் போகும்போது பாட்டு இன்னொரு தடவை சுருக்கப்படுகிறது. ஆகவே புளூடூத் ஸ்பீக்கரில் கேட்பவருக்கு ஃபிளாக்கால் வரும் பலன் கொஞ்சம்தான். கம்பி போட்ட நல்ல ஹெட்போன் வைத்திருப்பவர் எடுக்கலாம். 128 பாட்டை 320ஆக மாற்றித் தரச்சொல்லிக் கேட்பவர்களுக்கு: ஃபைல் பருக்கும், சத்தத்தின் தரம் உயராது. சுருக்கியபோது போன தரத்தை எந்த மாற்றும் செயலியும் திரும்பக் கொண்டுவராது.

ஆனால் நீங்கள் புதிதாகப் பதியும்போது மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒலிப்பதிவுச் செயலியின் செற்றிங்ஸில் உயர்ந்த தரத்தைத் தெரிவுசெய்துவிட்டு மாமாங்கம் கோயிலுக்குப் போங்கள்.

"பிளேயர் என்னென்ன பெர்மிசன் கேட்கலாம்?"

அன்ட்ரொயிட் 13இலிருந்து இசைக்கும் ஓடியோவுக்கும் மட்டும் தனி அனுமதி இருக்கிறது; அதைக் கொடுங்கள். அறிவித்தலுக்கும் கொடுக்கலாம், பூட்டிய திரையில் பட்டன் தெரிய அது உதவும். பழைய போனில் 'சேமிப்பகம்' என்று கேட்கும். உங்கள் தொடர்பு இலக்கங்களையோ எஸ்.எம்.எஸ்.ஐயோ இருக்கும் இடத்தையோ பாட்டுப் பிளேயர் கேட்டால் உடனே கழற்றுங்கள். வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய 'விளம்பரமில்லாத' செயலி ஃபைலைப் போடவே போடாதீர்கள். வங்கிச் செயலியும் அதே போனில்தான் இருக்கிறது.

"ஐபோனுக்கு?"

அங்கேயும் வி.எல்.சி. கிடைக்கும். கம்பியூட்டரையும் போனையும் ஒரே வைஃபையில் சேர்த்து, செயலி காட்டும் முகவரியைக் கம்பியூட்டரில் திறந்து, பாட்டை இழுத்துப் போட்டால் போய்ச் சேரும்.

"அம்மாவுக்குத் தேவாரம் மட்டும் கேட்டாக் காணும். லேசான அப் இருக்கா?"

செயலியைத் தேடாதீர்கள், முகப்புத் திரையைச் சரிசெய்யுங்கள். பிளேயரின் பட்டன்களை முகப்பிலேயே காட்டும் பெரிய விட்ஜெட் ஒன்றை நடுவில் போட்டு, தேவார வரிசை ஒன்றை மட்டும் திறந்து வைத்து, மற்றச் செயலிகளை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். அம்மா ஒரு பட்டனைத் தொட்டால் போதும். உறங்கும் நேரக் கணிப்பானை 30 நிமிடத்தில் வைத்தால் அவர் உறங்கிய பிறகு தானாக நிற்கும். என் அம்மாவுக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன். போனைக் கண்டால் பயப்பட்டவர் இப்போது தானே வரிசை மாற்றுகிறார்.

"இயர்போன் போட்டாக் காது பழுதாகுமா?"

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, 80 டெசிபெல்லில் கிழமைக்கு 40 மணித்தியாலம். 90 டெசிபெல்லுக்கு ஏற்றினால் கிழமைக்கு வெறும் 4 மணித்தியாலம்தான் பாதுகாப்பு. சிறு பிள்ளைகளுக்கு 75 டெசிபெல். பஸ் இரைச்சலை வெல்லச் சத்தத்தை ஏற்றுவதுதான் பெரிய ஆபத்து. காதுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் இயர்போன் போட்டால் ஏற்றத் தேவை வராது.

"நீங்க கார்டுக்குப் பாட்டு ஏத்தித் தருவீங்களா?"

இல்லை. அப்பா காலத்தில் அது தொழிலாக இருந்தது. இப்போது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. அதைவிட, பாடல் செய்து வெளியிடும் எங்கள் பிள்ளைகள் சிலரை எனக்கு நேரில் தெரியும். ஒரு பாட்டுக்கு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவர்கள் கட்டும் காசு எவ்வளவு என்று தெரிந்த பிறகு கொப்பி அடித்துக் கொடுக்க மனம் வராது. உங்கள் சொந்தக் கசற்றையோ சீடியையோ கொண்டுவந்தால் போனுக்கு மாற்றித் தருவேன்.

"புதுப் போன் எடுத்தா, கட்டின வரிசையெல்லாம் போயிருமா?"

பாட்டு ஃபைல்களைக் கொப்பி அடித்தால் பாட்டு வரும், வரிசை வராது. வரிசை பிளேயருக்குள் இருக்கிறது. பழைய போனை விற்பதற்கு முன்னர் பிளேயரில் 'ஏற்றுமதி' என்ற இடத்தில் வரிசைகளை எம்.3.யு. ஃபைலாக எடுத்து, பாட்டுகளோடு சேர்த்துக் கொப்பி அடியுங்கள். எம்.3.யு. என்பது எந்தப் பாட்டு எந்த ஃபோல்டரில் என்று எழுதிய ஒரு பட்டியல்தான். ஆகவே புதுப் போனிலும் ஃபோல்டர் பெயர்கள் மாறாமல் இருக்க வேண்டும். மெமரி கார்ட் இல்லாத போனுக்கு மாறுகிறவர்கள், கார்ட்டிலிருந்த ஃபோல்டரை அதே பெயரில் போனுக்குள் செய்யுங்கள். எல்லாப் பாட்டும் ஓடுகிறதா என்று ஒரு கிழமை பார்த்துவிட்டுப் பழைய போனை அழியுங்கள். அதுவரை விற்க வேண்டாம்.